திமிர் மீன்: மெட்ராஸில் பிறந்த வால்ஷும் அசையாத நெட்டி உருண்டைகளும்

மண்டபம் வடக்குக் கடற்கரையில் ஒரு காலை. விசைப்படகுகள் கரைக்கு வந்து, நல்ல மீனெல்லாம் கூடை கூடையாக ஏலத்துக்குப் போன பிறகு, மிச்சம் ஒரு குவியலாகக் கிடந்தது. கோழித் தீவனத்துக்கும் உரத்துக்கும் போகிற கழிவு மீன். அதில் வட்டமான உடம்பும் தடித்த வாலுமாக, பழுப்பில் கரும்புள்ளி போட்ட ஒரு சின்னத் திருக்கை. நான் குனிந்து கையை நீட்டினேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிமிராமலே சொன்னார்: "அதத் தொடாதீக தம்பி. உசுரு இருந்துச்சுன்னா கையி திமிரு புடிச்ச மாதிரி ஆயிரும்."

கரண்ட் அடிக்கும் என்று அவர் சொல்லவில்லை. ஷாக் என்றும் சொல்லவில்லை. திமிர் என்றார். கால் மடக்கி ரொம்ப நேரம் உட்கார்ந்தால் பிடிக்குமே, அந்தத் திமிர். வீட்டுக்கு வந்தபிறகும் அந்தச் சொல் விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. அது என்னை லா ரோஷெல், லண்டன் என்று சுற்றவிட்டு, கடைசியில் சென்னைக் கோட்டைக்கே கொண்டுவந்து விட்டது. நடுவில் கொஞ்சம் இயற்பியலும் வரும். பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

எல்லாருக்கும் அதே பெயர்தான்

மின்சாரம் என்ற ஒன்று இருக்கிறது என்று தெரிவதற்கு ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே மனிதர்களுக்கு இந்த மீனைத் தெரியும். கிரேக்கர்கள் அதை 'நார்கே' என்றார்கள். மரத்துப்போதல் என்று அர்த்தம். மயக்க மருந்துகளைக் குறிக்கும் 'நார்கோடிக்' என்ற சொல்லுக்கும் அதுதான் வேர். ரோமானியர்கள் 'டார்பிடோ' என்றார்கள். அதுவும் மரத்துப்போவதுதான். கப்பலை உடைக்கும் ஆயுதத்துக்கு அந்தப் பெயர் போனது ரொம்பப் பின்னால். கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கும் கால் மூட்டு வலிக்கும் உயிருள்ள டார்பிடோவை வைத்து, அந்த இடம் மரத்துப்போகிற வரை விடச் சொல்லி எழுதி வைத்திருக்கிறார்.

நம் பக்கம் வருவோம். பேட்ரிக் ரஸ்ஸல் என்ற கம்பெனி இயற்கை ஆய்வாளர் விசாகப்பட்டினத்து மீன்களைப் படத்தோடு தொகுத்து 1803-ல் வெளியிட்டார். மீனவர் வாயில் கேட்ட பெயர்களையே அவர் தலைப்பாகப் போட்டார். அதில் இந்த வகை மீன்களுக்குப் பெயர் 'தெமெரீ', 'நல்ல தெமெரீ'. தெலுங்கில் 'திம்மிரி' என்றால் மரத்துப்போதல், 'நல்ல' என்றால் கறுப்பு. அதாவது கறுப்புத் திமிர்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1801-ல், பெர்லினில் பிளாக், ஷ்னைடர் இருவர் பெயரிலும் வந்த மீன் நூலில் தரங்கம்பாடியிலிருந்து போன ஒரு மீன் இருக்கிறது. அங்கே இருந்த மிஷனரி கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் நம் கடல் மீன்களைப் பதப்படுத்தி பிளாக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். அந்த மீனுக்கு இன்றைய அறிவியல் பெயர் நார்சினே திம்லேய். முதல் பாதி கிரேக்கத் திமிர். இரண்டாம் பாதி லத்தீனும் இல்லை, கிரேக்கமும் இல்லை. திம்மிரி, திமிர் ஆகியவற்றின் பக்கத்து வீட்டுச் சொல்லாகத்தான் அது என் காதில் விழுகிறது. என் ஊகம் சரியானால், உலகம் முழுக்க மீனியல் ஆய்வாளர்கள் அந்த மீனை இன்றைக்கும் 'திமிர் திமிர்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கோட்டையில் பிறந்த ஒருவர்

இந்த மீன் செய்வது மின்சார வேலைதான் என்பதை முதலில் ஒழுங்காகச் சோதித்துக் காட்டியவர் ஜான் வால்ஷ். ஆங்கிலேயர். ஆனால் பிறந்தது இங்கிலாந்தில் இல்லை. 1726-ல் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் பிறந்தார். பதினாறு வயதில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் சேர்ந்தார், மெட்ராஸில் படைகளுக்குச் சம்பளம் பட்டுவாடா செய்யும் அதிகாரியாக உயர்ந்தார். ராபர்ட் கிளைவின் மனைவி மார்கரெட் மாஸ்கெலின் இவருக்கு அம்மா வழியில் உறவு. 1757-ல் கிளைவ் வங்காளத்தில் இருந்தபோது இவர் அவருக்கு அந்தரங்கச் செயலாளராக இருந்தார். பிளாசிப் போர் முடிந்து மீர் ஜாஃபரின் கஜானா பிரிக்கப்பட்டதில் வால்ஷுக்கும் பெரிய பங்கு கிடைத்தது. ஊருக்குத் திரும்பி நிலம் வாங்கினார், பாராளுமன்ற உறுப்பினர் ஆனார். இந்தியப் பணத்தோடு வந்தவர்களை அங்கே 'நாபாப்' என்று கேலி செய்வார்கள். இவரும் ஒரு நாபாப்.

இங்கே ஒரு விஷயம் உறுத்துகிறது. மண்டபத்துக்கு வடக்கே இருக்கிற பாக் நீரிணைக்குப் பெயர் கொடுத்த ராபர்ட் பாக், வால்ஷின் காலத்துக் கம்பெனிக்காரர், 1763 முதல் 1767 வரை மெட்ராஸ் கவர்னர். அவர் பெயர் தாங்கிய இந்தக் கடலிலேயே மின்திருக்கை உண்டு. வால்ஷ் பிறந்த சோழமண்டலக் கரையிலும் உண்டு. ஆனால் அந்த மீனைத் தேடி வால்ஷ் போனது பிரான்ஸ் நாட்டு லா ரோஷெலுக்கு. கையில் இருந்தது இங்கிருந்து போன பணம். இங்கே இருந்த காலத்தில் அவருக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. லண்டனில் லைடன் ஜாடியைத் தொட்டுப் பார்த்தவர்களோடு பழகிய பிறகுதான் வந்தது. ஒரு பொருள் ஒரு ஊரில் கிடைப்பதும், அதைப் பற்றிய கேள்வி அந்த ஊரில் எழுவதும் வேறு வேறு விஷயம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நகராத உருண்டைகள்

1772 கோடையில் வால்ஷ் லா ரோஷெலிலும் பக்கத்திலிருந்த ரே தீவிலும் உயிருள்ள டார்பிடோக்களை வைத்துச் சோதனை செய்தார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் முன்னாலேயே யோசனை சொல்லி அனுப்பியிருந்தார். முதுகும் வயிறும் எதிரெதிர்த் தன்மை கொண்டவை, இரண்டையும் ஒரே சுற்றில் இணைத்தால்தான் அதிர்ச்சி வரும் என்று வால்ஷ் கண்டார். பல பேரை வரிசையாக நிற்க வைத்து, தண்ணீர்க் கிண்ணங்கள் வழியாக இணைத்தாலும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அதிர்ச்சி. உலோகம் வழியாகப் போகிறது, கண்ணாடி வழியாகப் போகவில்லை. லைடன் ஜாடி நடந்துகொள்வது போலவே.

ஆனால் இரண்டு விஷயம் உதைத்தது. ஒன்று, பொறி பறக்கவில்லை. இரண்டு, நெட்டி உருண்டைகள் நகரவில்லை.

நெட்டி என்றதும் தஞ்சாவூர் நெட்டி பொம்மைகள் ஞாபகம் வரும். அதே மாதிரி எடையில்லாத தாவரச் சோற்றில் செய்த இரண்டு சின்ன உருண்டைகளை நூலில் தொங்கவிடுவார்கள். மின்னூட்டம் ஏறினால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளி விலகும். அந்தக் காலத்து மின்சாரப் பரிசோதனையின் கண்கள் அவைதான். மின்சாரம் என்றாலே இழுப்பதும் தள்ளுவதும்தான், அதாவது விசைதான். டார்பிடோ மனிதனின் கையைத் தூக்கிப்போட்டது, ஆனால் ஒரு நெட்டி உருண்டையை நூலளவு நகர்த்த முடியவில்லை. அப்படியென்றால் அது மின்சாரமா?

1773-ல் வால்ஷின் கட்டுரை ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது, அந்த ஆண்டுக்கான காப்ளி பதக்கமும் கிடைத்தது. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. விசை இல்லாத மின்சாரம் என்பது சூடில்லாத நெருப்பு மாதிரி அபத்தமாகப் பட்டது பலருக்கு.

பேசாத மனிதர்

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஹென்றி கேவண்டிஷ். பெரும் பணக்காரர், மகா கூச்ச சுபாவி. டார்பிடோ பிரச்சினை கைக்கு வந்தபோது அவர் வேறொரு வேலையில் இருந்தார். இரண்டு மின்னூட்டங்களுக்கு நடுவே இருக்கும் விசை தூரத்தோடு எப்படிக் குறைகிறது என்பதுதான் அந்த வேலை.

நேராக அளக்கலாமே என்று தோன்றும். பிரெஞ்சுக்காரர் கூலம் 1785-ல் முறுக்குத் தராசு வைத்து அப்படித்தான் அளந்தார். தூரம் இரட்டித்தால் விசை நாலில் ஒன்று, மும்மடங்கானால் ஒன்பதில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் நாம் படிக்கிற கூலம் விதி. ஆனால் கூலம் விதி சொல்வது புள்ளி மின்னூட்டத்துக்கு. உலகத்தில் புள்ளி எங்கே இருக்கிறது? பந்து, தட்டு, கம்பி, மீன் என்று எல்லாவற்றிலும் மின்னூட்டம் பரவித்தான் கிடக்கிறது. பரவிக் கிடந்தால் என்ன செய்வது? அதைச் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தரும் விசையைத் திசையோடு கூட்ட வேண்டும். கூட்டும்போது விதியே உருமாறிவிடும். நீண்ட கம்பியில் பரவிய மின்னூட்டத்தின் அருகே, தூரம் இரட்டித்தால் விசை பாதிதான் ஆகும், நாலில் ஒன்று ஆகாது. பெரிய தட்டில் பரவியிருந்தால் தட்டுக்கு அருகே தள்ளிப் போனாலும் விசை மாறவே மாறாது.

கேவண்டிஷ் இந்தப் பரவலையே கருவியாக்கினார். 1772 டிசம்பரில், கூலம் அளப்பதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே, அவர் செய்தது இது. சுமார் 12 அங்குல விட்டமுள்ள ஒரு கோளம். அதைத் தொடாமல் சுற்றி மூடும்படி 13 அங்குலத்துக்குச் சற்று மேல் விட்டமுள்ள இரண்டு அரைக்கோளங்கள், அட்டையில் செய்து ஈயத்தாள் ஒட்டியவை. உள் கோளத்தையும் வெளிக் கூட்டையும் ஒரு கம்பியால் இணைத்து மின்னூட்டம் ஏற்றினார். பிறகு கம்பியை எடுத்துவிட்டு, கூட்டைத் திறந்து, உள் கோளத்தில் நெட்டி உருண்டைகளை வைத்துப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை. மின்னூட்டம் முழுக்க வெளிக் கூட்டில்தான். உள்ளே சொட்டுகூட இல்லை.

இதிலிருந்து விதி எப்படிக் கிடைக்கும்? ஒரு பெரிய மண்பானைக்குள் ஓர் எறும்பு, ஒரு பக்கச் சுவருக்குக் கிட்டே இருக்கிறது என்று வையுங்கள். பானைச் சுவர் முழுக்க மின்னூட்டம் சமமாகப் பரவியிருக்கிறது. எறும்பிடமும் கொஞ்சம் மின்னூட்டம். எறும்பிலிருந்து முன்னும் பின்னும் ஒரே அகலமுள்ள இரண்டு கூம்புகளை வரையுங்கள். கிட்டத்துச் சுவர் 1 அடியில், எதிர்ச்சுவர் 3 அடியில். தூரம் மும்மடங்கு, ஆகவே எதிர்ச்சுவரில் கூம்பு வெட்டும் பரப்பு ஒன்பது மடங்கு, மின்னூட்டமும் ஒன்பது மடங்கு. விசை தூரத்தின் வர்க்கத்தில் குறைந்தால், அங்கேயிருந்து வரும் ஒவ்வொரு துளியின் தள்ளலும் ஒன்பதில் ஒன்று. ஒன்பதும் ஒன்பதில் ஒன்றும் பெருகி, இரண்டு பக்கமும் சமம். எறும்பு எங்கே நின்றாலும் அது மீது விசை பூஜ்ஜியம்.

விசை கனத்தில் குறைந்தால்? எதிர்ச்சுவரின் ஒன்பது மடங்கு மின்னூட்டம், துளிக்கு இருபத்தேழில் ஒன்று தள்ளல், மொத்தம் மூன்றில் ஒன்று. கிட்டத்துச் சுவர் ஜெயிக்கும், மின்னூட்டம் உள்ளே தள்ளப்படும். அப்போது உள் கோளத்தில் ஏதாவது மிச்சமிருக்க வேண்டும். இல்லை. ஆக, அடுக்கு இரண்டுதான். தன் நெட்டி உருண்டைகளுக்குத் தெரியாமல் எவ்வளவு மிச்சம் இருக்க முடியும் என்றும் கணக்குப் போட்டு, இரண்டிலிருந்து ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் விலக முடியாது என்று எழுதி வைத்தார்.

எழுதி வைத்தார், அவ்வளவுதான். அச்சுக்குக் கொடுக்கவில்லை. நூறு வருஷம் கழித்து 1879-ல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் அந்தக் கட்டுகளைப் பதிப்பித்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதே சோதனையைத் திருத்தமாகத் திரும்பச் செய்தபோது விலகல் 21,600-ல் ஒன்றுக்கும் குறைவு. ஒரே விட்டமுள்ள கோளமும் வட்டத் தட்டும் ஒரே அழுத்தத்தில் எவ்வளவு மின்னூட்டம் பிடிக்கும் என்றும் கேவண்டிஷ் அளந்திருந்தார். கோளம் தட்டைப் போல 1.57 மடங்கு. கணிதம் பின்னால் தந்த விடை பையில் பாதி, அதாவது 1.5708. கையும் ஜாடியும் நூலும் வைத்து அளந்த மனிதர்!

அளவு வேறு, அழுத்தம் வேறு

இப்போது மீனுக்கு வருவோம். பரவிக் கிடக்கும் மின்னூட்டத்தோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவருக்கு ஒன்று தெளிவாக இருந்தது. எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பதும், அது எவ்வளவு நெருக்கப்பட்டு இருக்கிறது என்பதும் வேறு வேறு. ஊரணியில் தண்ணீர் நிறைய, அழுத்தம் குறைவு. குறுகிய குழாயில் தண்ணீர் கொஞ்சம், பீய்ச்சல் அதிகம். நெட்டி உருண்டையும் பொறியும் பார்ப்பது பீய்ச்சலை. மனிதக் கை ஊரணியையும் உணரும்.

இன்றைய எண்களை வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். ஒரு நல்ல டார்பிடோ தரும் மின்னழுத்தம் சுமார் 50 வோல்ட். 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு நெட்டி உருண்டைகளை அந்த 50 வோல்ட்டுக்கு ஏற்றுவோம். ஒவ்வொன்றிலும் ஏறுவது 0.03 நானோகூலுமுக்கும் குறைவு. நடுவே 2 சென்டிமீட்டர் இடைவெளியில், கூலம் விதிப்படி தள்ளும் விசை ஒரு நியூட்டனில் ஆறு கோடியில் ஒரு பங்கு. உருண்டை 50 மில்லிகிராம் என்று வைத்தால், அதன் எடையில் முப்பதாயிரத்தில் ஒன்று. எந்தக் கண்ணுக்கும் தெரியாது. இதையே உராய்வு எந்திரத்தில் 5,000 வோல்ட்டுக்கு ஏற்றினால் அழுத்தம் நூறு மடங்கு, ஒவ்வொரு உருண்டையிலும் மின்னூட்டம் நூறு மடங்கு. விசையோ இரண்டும் பெருகி பத்தாயிரம் மடங்கு. எடையில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிடும், உருண்டைகள் நன்றாக விலகி நிற்கும். லா ரோஷெலில் விசை இல்லாமல் இல்லை. அளக்கிற கண் போதவில்லை, அவ்வளவுதான்.

கேவண்டிஷிடம் இந்த எண்கள் கிடையாது. அவர் ஒரு மீனையே செய்துவிட்டார். முதலில் மரத்தில், டார்பிடோ வடிவத்தில். முதுகிலும் வயிற்றிலும் மின் உறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் பியூட்டர் தகடுகள், கண்ணாடிக் குழாய் வழியாக வந்த கம்பிகள், மேலே தோல் போர்வை. மரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தவில்லை என்று அடுத்ததை ஊறவைத்த தடித் தோலில் செய்தார். 49 லைடன் ஜாடிகளை ஒன்றாக இணைத்து, லேசாக மட்டும் மின்னேற்றி, கடல்நீர் அளவுக்கு உப்புப் போட்ட தொட்டியில் இந்தத் தோல் மீனை முக்கிப் பார்த்தார். தொட்டால் அதிர்ச்சி. தொடாமல் பக்கத்தில் தண்ணீரில் கை வைத்தாலும் லேசான அதிர்ச்சி. பெரிய பொறி இல்லை, நெட்டி உருண்டை அசையவில்லை. அச்சு அசல் டார்பிடோ!

1775 மே மாதம் இந்தத் தோல் மீனைப் பார்க்கச் சிலரைத் தன் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தார். ஆளைக் கண்டால் ஒதுங்கும் மனிதர் அப்படி ஒரு கூட்டத்தைக் கூட்டியதே அதிசயம். ஆக்சிஜனைக் கண்ட ஜோசஃப் பிரீஸ்ட்லி வந்தார். டார்பிடோவை அறுத்து, அதன் மின் உறுப்பில் 470 தூண்களை எண்ணிய ஜான் ஹண்டர் வந்தார். மீனின் மின்சாரத்தை நம்பாத ரோனைன் என்பவரும் வந்தார். எல்லாரும் தோல் மீனிடம் அடி வாங்கினார்கள். 1776-ல் கட்டுரை அச்சானது. அதே வருஷம் வால்ஷ் தென் அமெரிக்க மின்விலாங்கிலிருந்து பொறி எடுத்தும் காட்டினார். விவகாரம் முடிந்தது.

உப்புத் தண்ணீரின் தந்திரம்

ஒரு கேள்வி பாக்கி. மீன் ஏன் அழுத்தத்தை விட்டு அளவைப் பிடித்தது?

பதில் கடலிலேயே இருக்கிறது. கடல்நீர் மழைநீரை விட நூறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது என்று கேவண்டிஷ் அளந்து சொன்னார். அளவுமானி என்ன தெரியுமா? தன் உடம்பு. இரண்டு குழாய்த் தண்ணீர் வழியாகவும் அதிர்ச்சி வாங்கி, எது பலமாக இருக்கிறது என்று ஒப்பிட்டார்.

கடல்நீரில் சோடியமும் குளோரைடும் அயனிகளாகப் பிரிந்து அலைகின்றன. ஒரு மின்னூட்டத்தை அதில் போட்டால் எதிர் மின்னூட்ட அயனிகள் ஓடி வந்து சூழ்ந்துகொள்ளும். ஊர்வம்பு பேச ஆள் கூடுவது போல. ஒரு மில்லிமீட்டரை 25 லட்சம் பங்காகப் போட்டால் வரும் ஒரு பங்கு தூரத்துக்குள்ளேயே அதன் விசை பெரும்பகுதி மறைக்கப்பட்டுவிடும். காற்றில் அறையின் அந்தப் பக்கம் வரை தெரிகிற கூலம் விசை, கடலில் ஓர் அணுவின் தூரத்தில் அடங்கிப்போகிறது. ஆகவே மின்னூட்டத்தைச் சேர்த்துவைத்துக்கொண்டு கடலில் யாரையும் பயமுறுத்த முடியாது. விடாமல் ஓட்டம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், மறைக்க மறைக்கத் தள்ள வேண்டும்.

டார்பிடோவின் உறுப்பு அதற்கென்றே அமைந்தது. தட்டையான செல்கள், ஒன்றின் மேல் ஒன்று, இட்லித் தட்டுகளை அடுக்கிய மாதிரி. ஒரு செல் தருவது பத்தில் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. ஐந்நூறு, அறுநூறு அடுக்கினால்தான் 50 வோல்ட் பக்கம் வரும். அப்படிப்பட்ட தூண்கள் நூற்றுக்கணக்கில் பக்கம் பக்கமாக. அடுக்கு குள்ளம், அகலம் பெரிது. அழுத்தம் குறைவு, ஓட்டம் அதிகம். நன்னீரில் வாழும் மின்விலாங்கு இதற்கு நேர் எதிர். அங்கே தண்ணீர் எளிதில் கடத்தாது, அதனால் நீளமான அடுக்கு வேண்டும். 2019-ல் விவரிக்கப்பட்ட ஒரு வகை 860 வோல்ட் வரை தந்தது. அதற்கு எலெக்ட்ரோஃபோரஸ் வோல்டாய் என்று பெயர் வைத்தார்கள், அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டாவின் நினைவாக.

பொருத்தமான பெயர். ஏனென்றால் வோல்டா 1800-ல் வெள்ளி, துத்தநாகம், ஈர அட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கி உலகின் முதல் பேட்டரியை அறிவித்தபோது, அதை டார்பிடோவின் உறுப்போடுதான் ஒப்பிட்டார். செயற்கை மின் உறுப்பு என்றே அழைத்தார். கழிவு மீன் குவியலில் கிடந்ததன் அடுக்குதான் என் சட்டைப்பையில் இருந்த போனுக்கும் கொள்ளுத்தாத்தா.

மீனை விட்டுத் தள்ளிப் போகப் போக விளைவு ஏன் இவ்வளவு சீக்கிரம் மறைகிறது என்பதற்கும் கூட்டல் கணக்கே பதில். முதுகு நேர், வயிறு எதிர். தூரத்தில் இருப்பவருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடம், ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தனிப் புள்ளி என்றால் தூரம் இரட்டிக்கும்போது நாலில் ஒன்று மிஞ்சும். எதிரும் புதிருமான ஜோடிக்கு எட்டில் ஒன்றுதான். அதனால்தான் மணலில் புதைந்து கிடக்கும் மின்திருக்கை நீந்திப் போகிறவரை ஒன்றும் செய்யாது, மிதித்தவரைத் தூக்கிப்போடும். கேவண்டிஷ் அதையும் விட்டுவைக்கவில்லை. தோல் மீனை உப்புநீரில் நனைத்த மணலில் வைத்து, ஈரமான செருப்புத் தோல் வழியாகத் தொட்டுச் சோதித்தார்.

மண்டபத்துக்குத் திரும்பி

1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பல வருஷம் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா மீன்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அங்கே நடந்த வேலை. ஆக, இந்தக் கரைக்குக் கேள்விகள் வராமல் போகவில்லை. தாமதமாக வந்தன. அதற்குள் மின்சாரத்தின் முதல் அத்தியாயம் வேறு கடலின் மீனை வைத்து எழுதி முடிக்கப்பட்டுவிட்டது.

எனக்கு இதில் வருத்தம் வால்ஷ் மேல் இல்லை, அவர் தன் காலத்துக்கு ஒழுங்காக வேலை செய்தவர். கேவண்டிஷ் மேல் கொஞ்சம் உண்டு. தெரிந்ததைப் பெட்டியில் பூட்டி வைத்தால், அது தெரியாத மாதிரிதான். கூலம் பெயர் விதியில் ஏறியது நியாயமே, அவர் சொன்னார். ஆனால் சொல்லியும் ஏறாதவர்கள் உண்டு. ரஸ்ஸலுக்கு 'தெமெரீ' என்று சொன்னவர், தரங்கம்பாடியில் மீனை எடுத்துக் கொடுத்துப் பெயர் சொன்னவர், இவர்கள் பெயர் எந்த நூலிலும் இல்லை. அந்த மீன் நகருமா நகராதா என்று அவர்கள் நெட்டி உருண்டை தொங்கவிட்டுப் பார்க்கவில்லை. என்ன செய்யும் என்று தெரிந்து, ஒரே சொல்லில் வைத்திருந்தார்கள். அந்தச் சொல் மட்டும் லத்தீன் வேஷம் போட்டுத் தப்பித்துக்கொண்டது.

அடிமடி இழுக்கும் வலைகளில் இந்த மீன்கள் தினமும் சிக்குகின்றன, விலை கிடையாது, குவியலுக்குப் போகின்றன. அன்றைக்கு நான் தொடவில்லை. தொட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, அது செத்துப் பல மணி நேரம் ஆகியிருக்கும். பெரியவர் வலையை உதறிக்கொண்டே கேட்டார்: "என்ன தம்பி, அதையே பாத்துக்கிட்டு நிக்கிறீக? அது காசுக்கு ஆகாத மீனு."

அப்போது பதில் தெரியவில்லை. அடுத்த முறை போகும்போது சொல்ல வேண்டும்: அய்யா, உலகத்துல முதல் பேட்டரிக்கு மாதிரி அதுதான்.